இரண்டும் 700 கிராம்

டெக்சாஸ் மாநிலத்தில் டாலஸ் நகரை ஒட்டிய ஊரொன்றில் குடியிருக்கும் என் அக்கா மகன், ஓர் ஆடி மாத இரவில் தொலைபேசியில் அழைத்து, நலம் விசாரிப்பதற்கு முன்பாகவே, "ஏனுங்க மாமா, நைலான் எத்தன வருசந் தாங்கும்?" என்று கேட்டான். எந்த நைலான், கண்ணாடி இழை கலந்ததா கலக்காததா, வெயிலில் கிடப்பதா நிழலில் கிடப்பதா, எண்ணெய் படுமா படாதா என்று நான் தொழில் வழக்கப்படி திருப்பிக் கேட்டுக்கொண்டே போக, அவன் சற்றுத் தயங்கிவிட்டு, "துப்பாக்கிங்க மாமா" என்றான்.

அந்நாட்டுக் குடியுரிமை கிடைத்த கையோடு அவன் ஒரு கிளாக் 17 வாங்கி வைத்திருக்கிறான் என்பது எனக்கு அன்றுதான் தெரியும். வாங்கி மூன்று ஆண்டுகள் ஆகியிருந்தன. உடன் வேலை செய்யும் ஒருவர் அதைப் பார்த்து, பிளாஸ்டிக்கில் செய்ததெல்லாம் ஒரு துப்பாக்கியா, விற்றுவிட்டு முழு எஃகில் ஒன்று வாங்கு என்று சொல்லிவிட்டாராம். இன்னொரு பக்கம், பொங்கலூரில் இருக்கும் என் அக்கா, இரும்போ பிளாஸ்டிக்கோ, பேத்தி விளையாடும் வீட்டில் அது எதற்கு என்று மகனோடு பேசும்போதெல்லாம் சண்டை பிடித்துக்கொண்டிருந்தார். ஆக, அவனுக்கு இரண்டு கேள்விகள் இருந்தன. என்னிடம் முதல் கேள்வியை மட்டும் கேட்டான்.

கோவை கணபதியில் நான், உருக்கிய பிளாஸ்டிக்கை அச்சுக்குள் பாய்ச்சி வார்க்கும் ஊசிவார்ப்புப் பட்டறை வைத்து இருபத்தைந்து ஆண்டுகளுக்கு மேலாகிறது. பஞ்சாலை எந்திரங்களுக்கும் பம்புகளுக்கும் வேண்டிய நைலான் உருப்படிகளை வார்த்துக் கொடுப்பதுதான் பிழைப்பு. பாலிமர் சட்டகம் என்று துப்பாக்கிக்காரர்கள் சொல்வது, பெரும்பாலும் எங்கள் பட்டறையில் மூட்டை மூட்டையாக வந்திறங்கும் அதே இனத்துப் பொருள்தான். கிளாக் நிறுவனம் தன் கலவையின் துல்லியமான விகிதத்தை வெளியில் சொல்வதில்லை. ஆனால் அது நைலான் 6 குடும்பத்தைச் சேர்ந்தது என்பது பரவலாக அறிந்த செய்தி.

பாலிமரில் செய்யப்படுவது கைத்துப்பாக்கியின் எந்தப் பகுதி என்பதை முதலில் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். குண்டு வெளியேறும் குழல், அதன்மேல் முன்னும் பின்னும் ஓடும் ஸ்லைடு, சுருள்வில்கள், தோட்டாவின் பின்புறத்தைக் குத்தும் ஊசி ஆகிய அனைத்தும் எஃகுதான். கையில் பிடிக்கும் பிடியும், விரலால் இழுத்துச் சுடும் விசையைச் சுற்றியுள்ள வளையமும், ஸ்லைடைத் தாங்கும் அடிப்பகுதியும் சேர்ந்த ஒரே உருப்படிதான் சட்டகம். முதன்மையாக அதுதான் வார்க்கப்படுகிறது. வெடிப்பின் அழுத்தத்தைக் குழலும் ஸ்லைடும் ஏற்றுக்கொள்கின்றன. சட்டகத்தின் வேலை, அவற்றை நேராகப் பிடித்துக்கொண்டு, மிஞ்சிய அதிர்ச்சியைக் கைக்குக் கடத்துவது. பிளாஸ்டிக் கையில் வெடித்துச் சிதறிவிடும் என்ற பயத்துக்கு இதனால்தான் பெரிதாக அடிப்படையில்லை.

இதை முதலில் செய்தவர் கிளாக் என்றுதான் பலர் நினைக்கிறார்கள். 1970இலேயே ஜெர்மனியின் ஹெக்லர் அண்டு கோக் நிறுவனம் வி.பி. 70 என்ற பெயரில் பாலிமர் சட்டகத் துப்பாக்கியை விற்பனைக்குக் கொண்டுவந்துவிட்டது. அது பெரிதாக எடுபடவில்லை. ஆஸ்திரியாவில் திரைச்சீலைக் கம்பிகளும் படைவீரர்களுக்கான கத்திகளும் மண்வெட்டிகளும் செய்துகொண்டிருந்த காஸ்டன் கிளாக், கைத்துப்பாக்கி செய்த முன் அனுபவம் ஏதுமில்லாமல், அந்நாட்டுப் படைக்குப் புதுத் துப்பாக்கி தேவைப்படுகிறது என்று கேள்விப்பட்டுக் களத்தில் இறங்கினார். 1982இல் ஆஸ்திரியப் படை அவருடைய வடிவமைப்பை ஏற்றுக்கொண்டது. 17 என்பது அவருடைய பதினேழாவது காப்புரிமையைக் குறிப்பது. தோட்டாக்களை அடுக்கிப் பிடிக்குள் செருகும் மேகசினில் கொள்ளும் தோட்டாக்களும் பதினேழாகவே அமைந்துவிட்டதால் பலரும் குழம்புகிறார்கள். இன்று நம் நாட்டின் தேசியப் பாதுகாப்புப் படை வரைக்கும் அந்தத் துப்பாக்கி வந்துவிட்டது. துப்பாக்கி செய்தே பழகியவர்கள் எஃகை விட்டு நகரத் தயங்கியபோது, எதுவும் தெரியாத ஒருவர் 'ஏன் கூடாது' என்று கேட்டதை, கோவையில் பட்டறை வைத்திருப்பவர்கள் எளிதில் புரிந்துகொள்வார்கள். எங்கள் ஊரில் பாதித் தொழில்கள் அப்படித்தான் பிறந்தன.

இதே சண்டை எங்கள் ஊர் பம்புகளில் நடந்து முடிந்திருக்கிறது. ஆழ்துளைக் கிணற்று நீர்மூழ்கி பம்பில் தண்ணீரைத் தள்ளும் இம்பெல்லரை ஒரு காலத்தில் கன்மெட்டலில் வார்த்தார்கள். செம்பும் வெள்ளீயமும் துத்தநாகமும் கலந்த அந்த உலோகத்துக்கு அப்பெயர் வந்ததே, பழைய காலத்தில் அதில் பீரங்கி வார்த்ததால்தான். பிறகு நோரில் என்ற பிளாஸ்டிக் வந்தது; நைலான் அல்ல, வேறு இனம். "தண்ணியோட மணல் வந்தா ஒரு மாசத்துல தேஞ்சு போயிருமுங்க" என்று பல்லடம் பக்கத்து விவசாயிகள் கையில் எடுத்துப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்த காலம் எனக்கு நினைவிருக்கிறது. இப்போது அதே தோட்டங்களில் ஆயிரம் அடிக்குக் கீழே நோரில் இம்பெல்லர்கள் சுற்றிக்கொண்டிருக்கின்றன. பீரங்கி உலோகம் பம்பிலிருந்து விடைபெற்றது. பம்புக்குள் புகுந்ததுபோலவே பிளாஸ்டிக் துப்பாக்கிக்குள்ளும் போய்ச் சேர்ந்தது.

அதற்காக நைலானைக் கண்ணை மூடிக்கொண்டு நம்பச் சொல்ல மாட்டேன். 2012இல் நாள் முழுக்க மின்வெட்டு இருந்த மாதங்களில், ஒரு பஞ்சாலை எந்திரத்துக்கு வேண்டிய கண்ணாடி இழை நைலான் உருப்படிகள் நாலாயிரத்தை வார்த்து அனுப்பினேன். நைலான் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் குணமுடையது; வார்ப்பதற்கு முன் அதன் குருணைகளை 80 டிகிரி சூட்டில் நான்கு மணி நேரமாவது உலர்த்தியாக வேண்டும். மின்சாரம் வந்த இரண்டு மணி நேரத்தில் உலர்த்துவதா, வார்ப்பதா என்ற நெருக்கடியில், உலர்த்தியது போதும் என்று நானே முடிவு செய்தேன். ஈரம் மிஞ்சியதைக் காட்டும் வெள்ளிக் கோடுகள் மேலே ஓடின, அதையும் பார்த்தேன், பார்த்துவிட்டும் அனுப்பினேன். மூன்றாவது மாதம் அத்தனையும் விரிசலோடு திரும்பி வந்தன. உருப்படி கறுப்பாகப் பளபளப்பாக இருப்பதை வைத்து உள்ளே என்ன நடந்திருக்கிறது என்று யாராலும் சொல்ல முடியாது என்பதை அன்றைக்குக் கற்றுக்கொண்டேன். பாலிமர் சட்டகத்தைப் பற்றி எனக்குள்ள முதன்மையான ஐயமும் இதுதான். எஃகைக் கடைந்து செய்தால் கண்ணும் மைக்ரோமீட்டரும் பாதி உண்மையைச் சொல்லிவிடும். வார்த்த பிளாஸ்டிக்கில் வார்த்தவனின் நாணயத்தை நம்புவதைத் தவிர வேறு வழியில்லை. ஆகவே புதிதாக முளைத்த பெயர் தெரியாத நிறுவனத்தின் மலிவான பாலிமர் துப்பாக்கி வேண்டவே வேண்டாம் என்பது, மருமகனிடம் அன்றிரவே நான் சொன்ன ஒரே உறுதியான பதில். மற்றதை நேரில் பார்த்துத்தான் சொல்ல முடியும் என்றேன்.

அடுத்த மார்கழியில் அங்கே போனேன். சமையலறை மேடையில், மருமகள் கேக் செய்ய மாவு நிறுக்கும் சிறு மின்தராசின்மீது, தோட்டாக்களை அகற்றிய துப்பாக்கியை வெறும் மேகசினோடு அவன் வைத்துக் காட்டினான். 706 என்று காட்டியது. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அப்பாவின் .32 (குண்டின் அளவு, அங்குலத்தில்) ரிவால்வரைப் பட்டறைத் தராசில் வைத்துப் பார்த்திருக்கிறேன். அதுவும் ஏறத்தாழ அதே 700 கிராம்தான். கான்பூர் சிறுபடைக்கல ஆலையில் செய்த அந்த ஆறு தோட்டா ரிவால்வர், குழல் மூன்றே அங்குலம். அதைவிட நீளமான குழலும் கிட்டத்தட்ட மூன்று மடங்கு தோட்டாக்களும் வேகமான குண்டும் கொண்ட ஒன்று, அதே எடையில் அடங்கிவிட்டது. பாலிமரின் நன்மைகளைப் பற்றி எத்தனை பக்கம் எழுதினாலும் அந்தத் தராசு காட்டிய அளவுக்கு விளங்க வைக்க முடியாது.

பிறகு மேலே உள்ளதைக் கழற்றிவிட்டுச் சட்டகத்தை மட்டும் என்னிடம் கொடுத்தான். பழக்க தோஷத்தில் நான் முதலில் தேடியது பார்ட்டிங் லைனைத்தான். அச்சின் இரு பாதிகள் சேரும் இடத்தில் விழும் அந்த மெல்லிய கோடு, பிடியின் பின்புறத்திலும் விசை வளையத்தின் அடியிலும் ஒளிவுமறைவின்றி ஓடியது. அதைத் தேய்த்து மறைக்க யாரும் மெனக்கெடவில்லை. உள்ளே, ஸ்லைடு ஓடுவதற்காக முன்னால் இரண்டு, பின்னால் இரண்டு என நான்கு சிறிய எஃகுத் தகடுகள் மட்டுமே பிளாஸ்டிக்கிலிருந்து தலைநீட்டிக்கொண்டிருந்தன. உலோகத்தை அச்சுக்குள் வைத்துவிட்டு அதைச் சுற்றி நைலானைப் பாய்ச்சும் அந்த வேலையை நாங்களும் செய்கிறோம். இரண்டும் பிரிந்து வராமல் பிடித்துக்கொள்ள வேண்டுமானால் எவ்வளவு பாடுபட வேண்டும் என்பது தெரிந்ததால், அந்த நான்கு தகடுகளை நகத்தால் அசைத்து அசைத்துப் பார்த்தேன். இம்மியும் அசையவில்லை. குழலுக்குக் கீழே ஒரு சிறிய உலோகத் தகடு பதித்து, அதில் வரிசை எண் பொறித்திருந்தார்கள்.

அந்த எண் அற்பமானதல்ல. அமெரிக்கச் சட்டப்படி சட்டகம்தான் துப்பாக்கி. குழலையும் ஸ்லைடையும் உதிரிப் பாகங்களாக வாங்கிவிடலாம். சட்டகத்தை அப்படி வாங்க முடியாது. எஃகுச் சட்டகத்தில் அடி விழுந்தாலோ தேய்ந்தாலோ கைதேர்ந்தவர் பற்றவைத்து, அரம் போட்டு, துரு தடுக்கும் நீலப்பூச்சை மறுபடி கொடுத்துவிடுவார். வார்த்த நைலான் விரிசல் விட்டால் ஒட்டுவதற்கு வழியே கிடையாது. செய்த நிறுவனத்துக்கே அனுப்ப வேண்டும். பிடி வழுக்குகிறதென்று சாலிடரிங் கம்பியால் புள்ளி புள்ளியாகச் சுட்டுச் சொரசொரப்பாக்கிக்கொள்ளும் வழக்கம் அங்கே பலரிடம் இருக்கிறது. மருமகனும் அதற்கு ஆசைப்பட்டான். கண்ணாடி இழைமேல் மூடியிருக்கும் தோலைச் சுட்டு எடுத்துவிட்டுப் பிறகு ஆயுள் எத்தனை வருடம் என்று என்னைக் கேட்காதே என்று தடுத்துவிட்டேன்.

அவனுடைய மூலக் கேள்விக்கும் அங்கேயே விடை சொன்னேன். நைலான் 6 உருகுவது 220 டிகிரிக்குப் பக்கத்தில். டெக்சாஸ் கோடையில் பூட்டிய காரின் சூடு அதன் கிட்டேகூட வராது. கறுப்பு நிறமேற்றும் கரித்தூள் வெயிலிலிருந்தும் ஓரளவு காக்கும். வார்த்து முடித்த பிறகு ஈரம் நைலானுக்குப் பகையல்ல. எங்கள் பட்டறையில், வார்த்த சூட்டோடு மொறுமொறுவென்று இருக்கும் உருப்படிகளை வெந்நீரில் ஊறப்போட்டுப் பதப்படுத்துவோம். ஈரம் ஏறிய பிறகுதான் நைலானுக்கு அடி தாங்கும் குணம் வரும். அவன் வீட்டு வாசலில் வீசும் புழுக்கக் காற்று சட்டகத்துக்கு நல்லது. ஸ்லைடுக்குத்தான் எண்ணெய் வேண்டும். நல்ல நிறுவனம் ஒழுங்காக வார்த்த சட்டகம், மாதத்துக்கு ஒரு முறை சுடும் ஒருவருடைய காலத்தைத் தாண்டியும் உழைக்கும்.

வியர்வையைப் பொறுத்தவரை எஃகு தோற்றுத்தான் போகிறது. அப்பா தன் ரிவால்வரை ஆட்டுத்தோல் உறையில் போட்டு, இரும்பு பீரோவில், வேட்டி மடிப்புகளுக்கு நடுவே, இரண்டு அந்துருண்டைகளோடு வைத்திருந்தார். தோல் ஈரத்தை வாங்கி வைத்துக்கொள்ளும் என்பது அவருக்குத் தெரியவில்லை. சூலூர்க் காற்று அவ்வளவு ஈரமானதுமல்ல. இருந்தும் தோல் தொட்ட இடங்களில் நீலப்பூச்சு போய், தேமல் போலத் துரு படர்ந்திருந்தது. அந்தப் பிடியை நாள்தோறும் இடுப்பில் சுமந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை.

சுட்டுப் பார்க்காமல் ஒரு துப்பாக்கியை எடைபோட முடியாது என்று மருமகன் பிடிவாதம் பிடித்தான். அதற்கு ஒரு சட்டச் சிக்கல் இருந்தது. சுற்றுலா விசாவில் வந்த வெளிநாட்டார் அங்கே துப்பாக்கியைக் கையில் எடுக்கவே பொதுவாகத் தடை உண்டு; செல்லுபடியாகும் வேட்டை உரிமம் வைத்திருப்பவர்களுக்கு விலக்கு. முயல்கூட அடித்தறியாத எனக்கு, டெக்சாஸ் மாநில வேட்டை உரிமம் ஒன்றை அவன் இணையத்தில் வாங்கிக் கையில் கொடுத்தான். அதைப் பத்திரமாக ஊருக்கு எடுத்து வந்து அக்காவிடம் காட்டியபோது வாங்கிய வசவு தனிக்கதை.

உள்ளரங்கச் சுடுதளத்தில் அவனுடைய கிளாக்கோடு, வாடகைக்கு ஒரு சி.இசட். 75 எடுத்தோம். செக்கோஸ்லோவாக்கியாவில் வடிவமைத்த அந்தத் துப்பாக்கி முழு எஃகு. எடை ஏறத்தாழ ஒரு கிலோ. தோட்டா இரண்டுக்கும் ஒரே 9 மி.மீ. என்பதால் ஒப்பிடுவதற்கு நேர்மையான இணை. முதலில் கிளாக். உதை நான் பயந்த அளவுக்கு இல்லை. ஆனால் முனை வெடுக்கென்று மேலே எழுந்தது. நைலான் சற்றே நெளிந்து கொடுத்து அதிர்ச்சியை மெதுவாகக் கைக்குக் கடத்தும் என்று சொல்வார்கள். நெளிவது உண்மை, ஆனால் எடை குறைந்தால் கையில் உதை கூடுவதும் இயற்பியல்தான், இரண்டில் ஒன்றைச் சொல்லி மற்றதை மறைப்பது விற்பவரின் பேச்சு. இன்னொன்றையும் கவனித்தேன். மேகசின் நிறைந்திருக்கும்போது கனம் கீழே இருக்கிறது. தோட்டாக்கள் தீரத் தீர, கனமெல்லாம் மேலேயுள்ள எஃகு ஸ்லைடுக்கு ஏறிவிடுவதால், கடைசிச் சில குண்டுகளில் அது வேறு துப்பாக்கிபோல் நடந்துகொள்கிறது.

சி.இசட். வேறு விதம். கையில் எடுத்ததுமே, ஊரில் நல்ல அருவாளை எடுத்தால் மணிக்கட்டு தானாக ஒரு நிலைக்கு வருமே, அப்படி வந்து உட்கார்ந்தது. ஏழு கஜத்தில் வைத்த காகிதத்தில் என் முதல் ஐந்து குண்டுகளும் ஓர் உள்ளங்கைக்குள் அடங்கின. கிளாக்கில் அவை சாப்பாட்டுத் தட்டளவுக்குப் பரவியிருந்தன. முதன்முறை சுடுபவனுக்கு எடை என்பது ஆசானின் கைபோல. ஆனால் நாற்பது குண்டுகளுக்குப் பிறகு என் தோள் இறங்கியது. கிளாக்கை வைத்துக்கொண்டு மருமகன் சலிக்காமல் சுட்டுக்கொண்டிருந்தான். மூன்று ஆண்டுப் பழக்கத்தில் அவன் குண்டுகள் எதில் சுட்டாலும் ஒரே இடத்தில் விழுந்தன. அவனுக்கு எஃகு தரும் ஆதாயம் பெரும்பாலும் மனத்திருப்திதான் என்று எனக்குப் பட்டது.

விலையிலும் அப்படித்தான். சட்டகத்தை எஃகில் கடைந்தெடுக்க எந்திர நேரம் மணிக்கணக்கில் ஆகும். வார்ப்பில் ஓர் உருப்படி நிமிடக் கணக்கில் விழுந்துவிடும். அச்சுக்குச் செலவிட்டதை எடுத்த பிறகு அது பொன் முட்டையிடும் வாத்து. அந்த ஆதாயத்தில் எவ்வளவு வாங்குபவருக்கு வந்து சேர்கிறது என்று ஒரு வார்ப்புக்காரனைக் கேட்காதீர்கள்.

ஆனால் மூன்று நாள் அந்தத் துப்பாக்கியோடு பழகியதில் என்னை உறுத்தியது பிளாஸ்டிக் அல்ல, விசை. கிளாக்கின் வெளிப்புறத்தில், பெருவிரலால் தள்ளிப் பூட்டும் தனிப் பாதுகாப்புப் பூட்டு கிடையாது. விசையின் நடுவில் ஒரு சிறிய நாக்கு இருக்கிறது. விரல் அதன்மேல் பட்டு அழுத்தினால்தான் விசை நகரும். உள்ளே, கீழே விழுந்தாலும் வெடிக்காமலிருக்க மேலும் இரண்டு தடுப்புகள். இவை மூன்றும் தவறி விழும் துப்பாக்கியைத் தடுக்கும். தவறாக நுழையும் விரலைத் தடுக்காது. சட்டையின் நுனியோ உறையின் கிழிந்த விளிம்போ விசைக்குள் மாட்டிக்கொண்டாலும் அதற்கு விரல்தான். இரண்டரைக் கிலோ அளவுக்கு அழுத்தினால் போதும். அப்பாவின் ரிவால்வரில் சுத்தியலைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டு வரும் அந்த நீண்ட கனமான விசையை, அப்பாவே இரண்டு விரல் போட்டு இழுத்ததைப் பார்த்திருக்கிறேன்.

அதைவிடப் பெரியது இன்னொன்று. ரிவால்வரை மடக்கித் திறந்தால் ஆறு துளைகளும் கண்ணெதிரே தெரியும்; தோட்டா இருக்கிறதா இல்லையா என்பதில் ஐயத்துக்கு இடமில்லை. மேகசின் துப்பாக்கியில், மேகசினை உருவி மேசையில் வைத்த பிறகும் குழலின் அடியிலுள்ள அறையில் ஒரு தோட்டா உட்கார்ந்திருக்கலாம். கிளாக்கைத் துடைப்பதற்காகக் கழற்ற வேண்டுமானால் முதலில் விசையை அழுத்தியாக வேண்டும். மேகசினை எடுத்தாயிற்று, காலியாகத்தான் இருக்கும் என்று அழுத்துபவருக்கு என்ன ஆகும் என்பதற்கு விளக்கம் தேவையில்லை. மருமகன் ஒவ்வொரு முறையும் ஸ்லைடை மூன்று தடவை இழுத்து, அறைக்குள் சுண்டுவிரலை விட்டுத் தடவிப் பார்த்த பிறகுதான் கழற்றினான். நூறு முறை செய்துவிட்டு நூற்றோராவது முறை, குழந்தை கூப்பிட்டாள் என்று அவசரப்படாமல் இருக்க வேண்டும், அவ்வளவுதான். எங்கள் பட்டறையில் கை போன ஆட்கள் எல்லாரும் பழகிய ஆட்கள்தான். புது ஆளுக்குப் பயம் இருக்கும்.

இந்தக் குறை பாலிமருக்கே உரியதென்று சொன்னால் அது நியாயமாகாது. எஃகில் இதே விசை அமைப்பைச் செய்யலாம். பாலிமரில் தனிப் பூட்டு வைத்தும் செய்கிறார்கள். ஆனாலும் சந்தையில் இரண்டும் சேர்ந்தே வந்ததால், பாலிமர் துப்பாக்கி வாங்குபவர் பெரும்பாலும் இந்த விசையையும் சேர்த்தே வாங்குகிறார். இலேசாக இருப்பதால் அதைச் சுமக்கிறார். சுமப்பதால் ஒரு நாளைக்கு நான்கைந்து முறை உறையில் போடவும் எடுக்கவும் செய்கிறார். இடுப்பில் கனத்துக்கொண்டிருந்த எஃகுத் துப்பாக்கி தன்னை மறக்க விடாது. பாலிமரை மறந்துவிட முடியும், மருமகன் ஒரு நாள் அதை இடுப்பில் வைத்துக்கொண்டே கோயில் வாசல்வரை போய்விட்டு, நினைவு வந்து காருக்குத் திரும்பியிருக்கிறான். 2021 செப்டம்பரிலிருந்து டெக்சாஸில், தகுதியுள்ள 21 வயது நிறைந்தவர்கள் தனி அனுமதி இல்லாமலேயே கைத்துப்பாக்கியைச் சுமந்து செல்லலாம். இலேசும் சட்டமும் ஒரே திசையில் தள்ளுகின்றன.

அக்காவின் கேள்விக்கு வருகிறேன். வீட்டில் ஆறு வயதுப் பெண்குழந்தை இருக்கிறது. நான் போனபோது துப்பாக்கி படுக்கையறை அலமாரியின் மேல்தட்டில், போர்வைக்கு அடியில் இருந்தது. 'அவளுக்கு எட்டாதுங்க மாமா' என்றான். அப்பாவின் பீரோச் சாவி எங்கே இருக்கிறது என்று எனக்கு ஏழு வயதிலேயே தெரியும் என்று மட்டும் சொன்னேன். சுடத் தயாரான துப்பாக்கியைப் பூட்டாமல் வைத்து, அது பிள்ளையின் கையில் சிக்கிவிட்டால் டெக்சாஸிலும் குற்றம்தான். இன்னொன்றையும் அவனிடம் பேசினேன், குரலைத் தாழ்த்தி. அமெரிக்காவில் துப்பாக்கியால் போகும் உயிர்களில் பாதிக்கு மேல் தற்கொலைகள். திருடனுக்காக வாங்கி வைத்தது, வீட்டில் ஒருவருக்கு மனம் உடைந்த ஓர் இரவில் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது. நம் தோட்டத்து வீடுகளில் பயிருக்கு அடிக்கும் மருந்து இருந்ததே, அதுபோல. மோட்டார் அறையில் பூட்டி வைத்த வீடுகளும், திண்ணையில் வைத்த வீடுகளும் நம் ஊரில் உண்டு. எந்த வீட்டில் என்ன நடந்தது என்று அவனுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். அவன் வெகுநேரம் பேசவில்லை.

ஊருக்குத் திரும்பிய பின் நண்பர்கள் சிலர், நம் ஊரில் இந்தப் பாலிமர் துப்பாக்கி கிடைக்காதா என்று கேட்டார்கள். காட்டுப்பன்றித் தொல்லை தாங்காத தொண்டாமுத்தூர்க்காரர் ஒருவர் மிகுந்த ஆர்வத்தோடு கேட்டார். பன்றியைச் சுடுவதற்குச் சட்டத்தில் உள்ள தடைகளை எல்லாம் ஒதுக்கிவிட்டே பார்த்தாலும், இரவில் ஓடும் பன்றிக்கு முன் கைத்துப்பாக்கி ஒரு பட்டாசு. மேலும் 9 மி.மீ. தோட்டா நம் நாட்டில் தடைசெய்யப்பட்ட வகையைச் சேர்ந்தது. சாதாரணக் குடிமகனுக்குக் கிடைப்பது பெரும்பாலும் .32 வகைதான். அதற்கும் 1959ஆம் ஆண்டுப் படைக்கலச் சட்டத்தின்கீழ் உரிமம், காவல்துறை விசாரணை, உயிருக்கு என்ன ஆபத்து என்ற விளக்கம் எல்லாம் வேண்டும். 2019 திருத்தத்துக்குப் பிறகு ஒருவர் மூன்றுக்குப் பதில் இரண்டுதான் வைத்திருக்கலாம். உரிமக் காலம் மூன்றாண்டிலிருந்து ஐந்தாக நீண்டது. 1980களிலிருந்து வெளிநாட்டுத் துப்பாக்கிகளைத் தனியார் இறக்குமதி செய்வது நின்றுபோனதால், பழைய வால்தர் பிஸ்டல்களைத் தோட்ட முதலாளிகள் நகைபோலக் கைமாற்றிக்கொள்கிறார்கள். எடையைக் குறைக்க வேண்டும் என்ற தேவையை நம் அரசு ஆலைகளும் உணர்ந்துதான் இருக்கின்றன: 2014இல் கான்பூரில் வெளியிட்ட 'நிர்பீக்' என்ற .32 ரிவால்வர், டைட்டானியக் கலவையில் செய்யப்பட்டதால் வெறும் 500 கிராம். விலை அப்போது 1.22 இலட்சம் ரூபாய். வார்த்த நைலானில் அதே எடையை எவ்வளவு குறைந்த செலவில் எட்டலாம் என்று எண்ணிப் பார்த்து, ஒரு வார்ப்புக்காரனாகக் கொஞ்சம் வயிறு எரிந்தேன்.

சுடுவதையே விரும்புகிறவர்களுக்கு, சட்டகம் பற்றிய இந்த விவாதமே தேவையற்றது. 10 மீட்டர் காற்றுப் பிஸ்டலை எடுத்துக்கொண்டு மாவட்டச் சுடுதளத்துக்குப் போகலாம். ஒலிம்பிக்கில் விஜய்குமார் 2012இல் வெள்ளியும் மனு பாக்கர் 2024இல் வெண்கலங்களும் வென்றது கைத்துப்பாக்கிப் போட்டிகளில்தான். அங்கே பிடியைக் கையின் அளவுக்கு மரத்தில் செதுக்கிக்கொள்கிறார்கள்.

மருமகனுக்கு நான் சொன்ன முடிவு இதுதான். எஃகுக்கு மாறாதே, உன் கைக்கு அது பழகிவிட்டது, எஃகு உனக்குப் புதிதாக எதையும் தராது. இடுப்பில் சுமப்பதை நிறுத்து. நீ போவது அலுவலகமும் காய்கறிக் கடையும். வைத்திருப்பதென்றால், சுவரில் போல்ட் போட்ட இரும்புப் பெட்டியில், தோட்டா வேறு பூட்டில். இந்தப் பெட்டிக்கு ஆகும் செலவும், மாதம் ஒரு முறை சுடுதளத்துக்குப் போகும் நேரமும் உனக்குக் கனமாகத் தெரிந்தால், உன் அம்மா சொல்வதைக் கேட்டு விற்றுவிடு. "ஏனுங்க மாமா, அப்புச்சி மட்டும் வெச்சிருந்தாருங்களே?" என்றான்.

வைத்திருந்தார். சூலூரில் ஜின்னிங் ஆலை நடத்தியபோது, பருத்திப் பணத்தைப் பையில் போட்டுக்கொண்டு இரவில் வர வேண்டியிருந்ததால் வாங்கினார். "அது நம்மூட்டுல இருக்குதுன்னு நாலு பேருக்குத் தெரிஞ்சாப் போதும்" என்பார். அவர் அதில் மொத்தம் சுட்டது ஆறு தோட்டா, அதுவும் காகிதத்தை. ஒவ்வொரு தேர்தலுக்கும் காவல் நிலையத்தில் ஒப்படைத்து ரசீது வாங்கி, முடிவு வந்த பின் போய்த் திரும்ப எடுத்து வருவார். அந்த ஆலைக்கணக்கில் அது வருடாந்திரப் பராமரிப்புப் போல. 2021இல் அவர் காலமான பின், சட்டப்படி உரிமம் பெற்ற ஒரு படைக்கல வணிகரிடம் அதை ஒப்படைத்தோம். வாரிசு உரிமத்துக்கு விண்ணப்பிக்கலாம் என்று வணிகர் சொன்னார். நான் மூன்று ஆண்டுகள் விண்ணப்பிக்கவும் இல்லை, விற்கவும் இல்லை. வைப்புக் கட்டணம் மட்டும் கட்டிக்கொண்டிருந்தேன்.

டெக்சாஸிலிருந்து வந்த மாசி மாதம் அவர் கடைக்குப் போய், விற்பதற்கான தாள்களில் கையெழுத்திட்டேன். அவர் ரிவால்வரை எடுத்து மடக்கித் திறந்து, ஆறு துளைகளையும் என் பக்கம் திருப்பிக் காட்டி, எண்ணைச் சரிபார்த்துக்கொண்டார். பிறகு அந்த ஆட்டுத்தோல் உறையை மேசைமேல் என் பக்கமாக நகர்த்தி, "இது லைசென்ஸ்ல வராதுங்க, நீங்களே வெச்சுக்குங்க" என்றார். அதில் இப்போது என் மைக்ரோமீட்டர் இருக்கிறது. தோல் ஈரம் வாங்கும் என்பதால், அதை முதலில் ஒரு நெகிழிப் பையில் சுற்றித்தான் வைக்கிறேன்.